பிளேடு ரன்னர் 2049: ரசிகர்கள் பயந்தது ஒன்று, நடந்தது ஒன்று

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1982-ல் வந்த 'பிளேடு ரன்னர்', 2017-ல் வந்த அதன் இரண்டாம் பாகம் 'பிளேடு ரன்னர் 2049', இரண்டு படங்களின் முடிவும் இதில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், கட்டுரை எங்கும் ஓடிப்போகாது.

2016 டிசம்பரில் வந்த முதல் டீசரில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆரஞ்சு நிறப் புழுதி மூட்டத்துக்குள் நீளக் கோட்டு போட்ட ஒருவன் நடந்து போகிறான். பாழடைந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைகிறான். இருட்டிலிருந்து துப்பாக்கியை நீட்டியபடி ஒரு கிழவர் வெளிப்படுகிறார். ஹாரிசன் ஃபோர்டு. அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது சந்தோஷம் வந்ததா, வயிற்றைக் கலக்கியதா என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கதவை யாரோ திறக்கிறார்கள். வந்திருப்பவர் கையில் விளக்கு இருக்கிறதா, கடப்பாரை இருக்கிறதா என்று தெரியவில்லை.

அறிவியல் புனைவுப் படத்துக்கு இரண்டாம் பாகம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் இந்த இரட்டை மனநிலை வருகிறது. அதை ஆராய 'பிளேடு ரன்னர் 2049'ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இதில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. யார் எதற்கு ஆசைப்பட்டார்கள், எதற்குப் பயந்தார்கள், கடைசியில் எது பலித்தது என்று ஆற அமர உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.

தோற்றுப்போன படத்தின் சொந்தக்காரர்கள்

ரிட்லி ஸ்காட் இயக்கிய முதல் படம் 1982 ஜூன் 25 அன்று வெளியானது. இரண்டு வாரம் முன்னால்தான் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வந்திருந்தது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் அந்த அன்பான வேற்றுக்கிரகவாசியைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஓயாத மழையும் இருட்டுமாக, பதில் சொல்லாத கேள்விகளோடு ஒரு படம் வந்து நின்றால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. மூலக் கதையை 1968-ல் நாவலாக எழுதிய பிலிப் கே. டிக் படம் வெளியாவதற்குச் சில மாதம் முன்பே, மார்ச் 2 அன்று இறந்துபோயிருந்தார்.

சோதனைக் காட்சிகளில் பார்வையாளர்களுக்குக் கதை புரியவில்லை என்று தயாரிப்புத் தரப்பு பயந்தது. ஃபோர்டின் பின்னணிக் குரலைச் சேர்த்தது. நாயகனும் நாயகியும் பசுமையான மலைப்பாதையில் காரில் போவதாக ஒரு சுப முடிவையும் ஒட்டியது. அந்த மலைக் காட்சிகள் இந்தப் படத்துக்காக எடுத்தவைகூட இல்லை. குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தவை.

படம் பிழைத்தது வீடியோ கேசட்டில். 1990-ல் லாஸ் ஏஞ்சலஸ் தியேட்டர் ஒன்றில் பழைய சோதனைப் பிரதியைத் தவறுதலாக ஓட்டிவிட்டார்கள். பின்னணிக் குரல் ஏறக்குறைய இல்லாத, சுப முடிவும் இல்லாத பிரதி. அதற்குக் கூடிய கூட்டம்தான் 1992-ல் டைரக்டர்ஸ் கட், அதாவது இயக்குநர் விரும்பிய வடிவம், வருவதற்கு வழி செய்தது. அப்புறம் 2007-ல் ஃபைனல் கட். எல்லா வடிவங்களையும் சேர்த்தால் எண்ணிக்கை ஏழு வரை போகும்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில படங்களை ரசிகர்கள் பார்க்கிறார்கள். இந்தப் படத்தை ரசிகர்கள் காப்பாற்றினார்கள். விமர்சகர்களும் வசூலும் கைவிட்ட ஒன்றைப் பத்து வருடம் தோளில் சுமந்தவர்களுக்கு, அது தங்கள் வீட்டுப் பிள்ளை என்கிற நினைப்பு வரத்தான் செய்யும். பிள்ளையை வேறு யாரோ வந்து தத்தெடுப்பதாகச் சொன்னால் நூறு கேள்வி கேட்பார்கள்.

காகிதக் குதிரை

நூறு கேள்வியிலும் பெரியது ஒன்று. ரெப்ளிகண்ட் என்னும் செயற்கை மனிதர்களை வேட்டையாடும் டெக்கார்ட், தானே ஒரு ரெப்ளிகண்டா?

1992 வடிவத்தில் டெக்கார்டின் கனவில் ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று ஓடுகிறது. படத்தின் முடிவில், சக போலீஸ்காரர் காஃப் மடித்துப் போட்ட சின்னஞ்சிறு ஒற்றைக்கொம்புக் குதிரை டெக்கார்டின் வீட்டு வாசலில் கிடக்கிறது. இவன் கனவு அவனுக்கு எப்படித் தெரியும்? கனவே யாரோ தயாரித்து வைத்ததா? ஆமாம், டெக்கார்ட் ரெப்ளிகண்ட்தான் என்பது ரிட்லி ஸ்காட்டின் கட்சி. இல்லை, மனிதன்தான் என்பது அந்த வேடத்தில் நடித்த ஃபோர்டின் கட்சி. இயக்குநரும் நாயகனும் ஒத்துப்போகாத விஷயத்தில் ரசிகர்கள் எப்படி ஒத்துப்போவார்கள்?

ஆனால் யாருக்கும் உண்மையில் விடை தேவைப்படவில்லை என்பது என் எண்ணம். விடை வந்துவிட்டால் வாதம் தீர்ந்துவிடும். வாதம் தீர்ந்தால் படத்தைத் திரும்பப் பார்க்க ஒரு காரணம் குறையும். ஆகவே இரண்டாம் பாகம் என்றதும் கிளம்பிய முதல் பயம், படம் மோசமாக இருக்குமோ என்பது அல்ல. விடையைச் சொல்லித் தொலைத்துவிடுவார்களோ என்பது.

2011 முதல் 2017 வரை: ஏறி இறங்கிய நாடி

2011-ல் ஆல்கான் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உரிமையை வாங்கியது. முன்கதை எடுக்கலாம், தொடர்ச்சி எடுக்கலாம், ஆனால் மூலப் படத்தை மறுபடி எடுக்கும் உரிமை அதில் இல்லை. இது ஒரு சின்ன நிம்மதி. ரிட்லி ஸ்காட்டே இயக்குவார் என்ற பேச்சு அடுத்த நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் 2012-ல் அவர் 'ஏலியன்' உலகத்துக்குத் திரும்பிப் போய் எடுத்த 'புரொமீதியஸ்' ரசிகர்களை இரண்டாகப் பிளந்தது. மர்மமாக இருந்தால்தான் அழகு என்று பலர் நினைத்த ஒன்றுக்கு அந்தப் படம் பூர்வீகம் எழுதியது. உருவாக்கியவர் கைக்கே வந்தாலும் பாதுகாப்பில்லை என்று அப்போது தெரிந்தது.

2015-ல் டெனி வில்நவ் இயக்குநராக வந்தார். ஸ்காட் தயாரிப்பில் மட்டும் நின்றுகொண்டார். முதல் படத்தின் திரைக்கதை ஆசிரியர்களில் ஒருவரான ஹாம்ப்டன் ஃபான்ச்சர், மைக்கேல் கிரீனோடு சேர்ந்து எழுதினார். ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். 2016 நவம்பரில் வில்நவின் 'அரைவல்' வெளியாகி, மெதுவாக நகரும் அறிவியல் புனைவையும் அவரால் உணர்ச்சியோடு சொல்ல முடியும் என்று காட்டியது. என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டது அப்போதுதான். வில்நவோ தான் எதில் கை வைக்கிறோம் என்று தெரிந்தே இருந்தார். ரசிகர்கள் ஒவ்வொருவரும் பேஸ்பால் மட்டையோடுதான் தியேட்டருக்குள் வருவார்கள் என்கிற பொருளில் அவரே பேசினார்.

அந்த மட்டைகள் சும்மா வரவில்லை. சுற்றிலும் மற்ற படங்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது. 1996-ன் 'இண்டிபெண்டன்ஸ் டே' 20 வருடம் கழித்து இரண்டாம் பாகமாக வந்து, சீண்டுவாரின்றிப் போனது. 2015-ல் 'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்' ட்ரெய்லரே கதையின் பெரிய திருப்பத்தைப் போட்டு உடைத்தது. அதே 2015-ல் 'ஸ்டார் வார்ஸ்' தொடர்ச்சியில் ஃபோர்டு பழைய ஹான் சோலோவாகத் திரும்பி வந்தார், வந்த படத்திலேயே செத்தார். டெக்கார்டையும் அப்படித்தான் முடித்து வைக்கப்போகிறார்கள் என்று நினைக்காத ஆள் இல்லை. அப்புறம் கிராஃபிக்ஸ் முகம். 2010-ன் 'ட்ரான்: லெகசி'யில் இளமையாக்கப்பட்ட ஜெஃப் பிரிட்ஜஸும், 2016-ன் 'ரோக் ஒன்'னில் உயிரோடு எழுப்பப்பட்ட பீட்டர் குஷிங்கும் பார்க்கப் பார்க்க நெருடினார்கள். முதல் படத்தின் நாயகி, ஷான் யங் நடித்த ரெப்ளிகண்ட் ரேச்சலை இவர்கள் என்ன செய்வார்களோ?

நம்பிக்கைக்கும் ஓர் உதாரணம் இருந்தது. 30 வருடம் கழித்து 2015-ல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு'. நம்பிக்கை உள்ளவர்கள் இதைச் சொல்வார்கள், பயந்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் சொல்வார்கள். எண்ணிக்கையில் பயந்தவர்கள் பக்கம்தான் வலு.

ஒரு விசித்திரமான சிக்கலும் இருந்தது. முதல் படத்தின் கதை நடப்பது 2019 நவம்பரில். இரண்டாம் பாகம் வரும்போது உண்மையான 2019-க்கு இரண்டே வருடம்தான் பாக்கி. பறக்கும் கார் எங்கே? வேற்றுக்கோள் குடியேற்றம் எங்கே? பழைய படத்தின் எதிர்காலத்தைத் திருத்தி எழுதுவார்களா என்று கேட்டவர்கள் உண்டு. படம் அதைத் தொடவே இல்லை. திவாலாகி 1991-லேயே மூடப்பட்ட பான் ஆம் விமான நிறுவனத்தின் பெயர்ப்பலகை 2049-லும் ஜொலிக்கிறது. சோவியத் யூனியனும் விளம்பரத்தில் உயிரோடு இருக்கிறது. அது நம் எதிர்காலம் இல்லை, அந்தப் படத்தின் எதிர்காலம் என்று முடிவு செய்திருந்தார்கள். இதைவிட மரியாதையான ஒரு தீர்வு எனக்குத் தோன்றவில்லை.

கடைசி நேரத்தில் வந்தது இசை பற்றிய பயம். வில்நவோடு மூன்று படம் செய்திருந்த ஜோஹன் ஜோஹன்சன் விலக, ஹான்ஸ் ஜிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷும் வந்தார்கள். வெளியீட்டுக்குச் சில மாதம் முன் இசையமைப்பாளர் மாறுகிறார் என்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். முதல் படத்தின் உயிரே வாஞ்செலிஸின் சின்தசைஸர்தான் என்பதால் இது இன்னும் உறுத்தியது.

நாய், கண், படிக்கட்டு

2017 அக்டோபர் 6. படம் 163 நிமிடம்.

டெக்கார்ட் திரையில் தோன்றவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வெறிச்சோடிய லாஸ் வேகஸில் தனியாக இருக்கிறார், கூடவே ஒரு நாய். அந்த உலகத்தில் நிஜ விலங்கு என்பது காணக் கிடைக்காத பொருள். ரயன் காஸ்லிங் நடித்த இந்தப் படத்தின் நாயகன் 'கே' அந்த நாயைப் பார்த்துவிட்டு, இது நிஜமா என்று கேட்கிறான். எனக்குத் தெரியாது, அதையே கேட்டுப் பார் என்கிற மாதிரி டெக்கார்ட் பதில் சொல்கிறார். நாய் பேசாமல் நிற்கிறது.

தியேட்டரில் எனக்குச் சிரிப்பு வந்தது. 35 வருட வாதத்துக்கான பதில் அந்த நாயிடம் இருந்தது. டெக்கார்ட் மனிதனா இல்லையா என்று கேட்க வந்தவர்களுக்குப் படம் கொடுத்த பதில் அது. பிறகு ரெப்ளிகண்ட்களைத் தயாரிக்கும் முதலாளி, ஜாரெட் லெட்டோ நடித்த வாலஸ், டெக்கார்டை உட்கார வைத்து, ரேச்சலிடம் நீ மயங்கியதே முன்கூட்டிச் செய்த ஏற்பாடாக இருக்கலாமே, நீ வடிவமைக்கப்பட்டவனாக இருந்தால், என்று நூல் விட்டுப் பார்க்கிறான். விடையை விரல் நுனி வரை கொண்டுவந்து, கையை மூடிக்கொள்கிறது படம். காஃப் கூட ஒரு காட்சியில் வருகிறார். முதியோர் இல்லத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே காகிதம் மடிக்கிறார். இந்த முறை செம்மறி ஆடு. மூல நாவலின் தலைப்பு 'டு ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?' (இயந்திர மனிதர்கள் மின்சார ஆடுகளைக் கனவு காண்கிறார்களா?). அது தெரிந்தவர்களுக்கு இது ஒரு கண்சிமிட்டல்.

கிராஃபிக்ஸ் முகம் பற்றிய பயத்தைப் படம் கையாண்ட விதம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. வாலஸ் புதிதாகச் செய்த ரேச்சலை டெக்கார்டுக்குப் பரிசாகக் கொண்டுவருகிறான். அதே கொண்டை, அதே தோள் உயர்ந்த உடை, 1982-ல் இருந்து நேராக நடந்து வந்தது போல ஒருத்தி. வேறொரு நடிகையின் உடலசைவின் மேல் ஷான் யங்கின் இளம் முகத்தைக் கணினியில் கட்டியிருக்கிறார்கள். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து குறை தேடிக்கொண்டிருந்தேன், கண்ணா, உதடா, எங்கே பிசகுகிறது என்று. டெக்கார்டும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அவள் கண் பச்சை என்று சொல்லித் திரும்பி நடக்கிறார். அடுத்த நொடி அந்த ரேச்சலைச் சுட்டுக் கொல்கிறார்கள்.

இதில் வேடிக்கை, ஷான் யங்கின் கண் பழுப்பு நிறம். முதல் படத்தில் ரெப்ளிகண்டைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக் கருவியின் திரையில் தெரியும் ரேச்சலின் கண் மட்டும் பச்சையாக இருக்கும். ரசிகர்கள் பல வருடமாகச் சுட்டிக்காட்டி வந்த பிசகு அது. டெக்கார்ட் உண்மையைச் சொன்னாரா, மறுப்பதற்கு ஒரு சாக்குச் சொன்னாரா? புது வாதம் தயார். போலி முகம் நிஜம் போல இல்லையே என்று பார்வையாளர் சொல்ல நினைத்ததைக் கதைக்குள் இருப்பவரே சொல்லிவிட்டால், அப்புறம் நாம் எதைக் குறை சொல்வது?

ரசிகர்களின் ஊகத்தையும் இப்படியே வளைத்தார்கள். காஸ்லிங் டெக்கார்டின் மகனாக இருப்பான் என்பது எளிதாகத் தோன்றக்கூடிய ஊகம். படமும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே போகிறது. கே தானும் அதை நம்புகிறான். பிறகு, டெக்கார்டுக்கும் ரேச்சலுக்கும் பிறந்தது மகள், ரெப்ளிகண்ட்களுக்கு நினைவுகளைத் தயாரிக்கும் ஒரு பெண்தான் அவள் என்று தெரிகிறது. கே யாருக்கும் பிள்ளை இல்லை. விசேஷமானவன் இல்லை. அவன் முகம் அப்போது வாடுகிற வாட்டம், படம் முழுக்க என்னை உலுக்கிய இடம் அதுதான்.

டெக்கார்ட் சாகவில்லை. மகளைப் பார்க்க உள்ளே போகிறார். வெளியே படிக்கட்டில் பனி கொட்ட, கே சாய்ந்து படுக்கிறான். அப்போது மெல்ல எழுகிறது, முதல் படத்தில் மழையில் நனைந்தபடி ரெப்ளிகண்ட்களின் தலைவன் ராய் பேட்டி இறந்தபோது ஒலித்த வாஞ்செலிஸின் மெட்டு. இசை பற்றிய பயம் அங்கே முழுதாகத் தீரவில்லை என்பேன். மற்ற இடங்களில் ஜிம்மரின் இடியோசை காதைக் கொஞ்சம் அறைகிறது. ஆனால் அந்தப் படிக்கட்டுக்காக மன்னித்துவிட்டேன்.

கட்டடங்கள் பல நிஜமான சிறு மாதிரிகள். நியூசிலாந்தின் வேட்டா வொர்க்‌ஷாப் செய்து கொடுத்தது. படப்பிடிப்பு பெரும்பாலும் ஹங்கேரியில், நிஜமாகக் கட்டிய அரங்குகளில் நடந்தது. எல்லாம் கணினியில் வழவழவென்று இருக்குமோ என்ற பயமும் இப்படிப் போனது. 13 முறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்காத ஆஸ்கர், 14-வது முறை இந்தப் படத்துக்காக டீக்கின்ஸ் கைக்கு வந்தது. காட்சி விளைவுகளுக்கும் இன்னொன்று.

யாரும் பயப்படாத ஒன்று

சரி, பட்டியலில் இருந்த பயங்களில் ஏறக்குறைய எதுவும் பலிக்கவில்லை. அப்படியானால் இது வெற்றிக் கதையா?

அமெரிக்காவில் முதல் வாரக் கடைசியில் 4.5 கோடி முதல் 5 கோடி டாலர் வரை வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது சுமார் 3.3 கோடி. உலகம் முழுக்க மொத்தம் 26 கோடி டாலர் அளவுக்குச் சேர்ந்தது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் தயாரிப்புச் செலவு மட்டும் 15 கோடிக்கும் 18.5 கோடிக்கும் இடையில் சொல்லப்பட்டது, விளம்பரச் செலவு தனி. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி தியேட்டர்களுக்குப் போய்விடும். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. முதல் நாள் தியேட்டர் வாசலில் எடுக்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் 'ஏ மைனஸ்' கிடைத்தது. சிக்கல், வந்தவர்கள் யார் என்பதில். பெரும்பாலும் 25 வயதைக் கடந்த ஆண்கள். அதாவது, ஏற்கனவே ரசிகர்கள். 1982-ல் வராத கூட்டம் 2017-லும் வரவில்லை.

ரசிகர்கள் யாருடைய பயப்பட்டியலிலும் இது இல்லை. படம் நன்றாக வந்துவிட்டால் போதும், உலகம் தானாக வரும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். எங்களுக்கு இவ்வளவு முக்கியமான ஒன்று மற்றவர்களுக்கு வெறும் பெயராக இருக்கும் என்று தோன்றவே இல்லை. 35 வருடத்தில் முதல் படத்தின் புகழ் எவ்வளவோ வளர்ந்திருந்தது, உண்மை. ஆனால் புகழ் வேறு, பார்வையாளர் எண்ணிக்கை வேறு. எத்தனையோ படங்கள் இந்தப் படத்தின் மழையையும் நியானையும் கடன் வாங்கிவிட்டதால், மூலத்தைப் பார்க்காமலே பார்த்துவிட்ட உணர்வும் பலருக்கு இருந்திருக்கும்.

ரசிகர்களின் பயத்துக்கு மரியாதை கொடுத்ததே படத்துக்கு வினையாகவும் முடிந்தது என்பது என் வாதம். கதையை வெளியே விடக் கூடாது என்பதற்காக விமர்சகர்களிடம் பல விஷயங்களை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கே ஒரு ரெப்ளிகண்ட் என்பதும் அதில் அடக்கம். படத்தின் முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும் விஷயம் அது. ஸ்பாய்லருக்கு அஞ்சிய எங்களுக்கு இந்த மூடுமந்திரம் தேனாக இனித்தது. முதல் படத்தைப் பார்க்காத ஒருவருக்கோ, இது யாரைப் பற்றிய கதை என்று ட்ரெய்லரும் சொல்லவில்லை, விமர்சனமும் சொல்லவில்லை. தான் மனிதன் இல்லை என்று தெரிந்தும் மனிதனாக இருக்க ஏங்கும் ஒருவனின் கதை என்று ஒரு வரி சொல்லியிருந்தால், வந்திருக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். இடைப்பட்ட 30 வருடத்தை விளக்க மூன்று குறும்படங்களையும் வெளியிட்டார்கள். அவற்றைத் தேடிப் போய்ப் பார்த்தது யார்? மறுபடியும் நாங்கள்தான்.

நீளம் பற்றியும் சொல்ல வேண்டும். பிற்பாடு ஸ்காட்டே, படம் ரொம்ப நீளம், அரை மணி நேரம் குறைத்திருப்பேன் என்று வெளிப்படையாகப் பேசினார். நான் உடன்பட மாட்டேன், ஆனால் அவர் சொல்வது புரிகிறது. 163 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு காட்சி குறையும். படத்தில் பெண்கள் காட்டப்பட்ட விதம் பற்றியும் விமர்சனம் எழுந்தது, அது நியாயமானதுதான். விற்பனைக்கு வரும் காதலி, விளம்பரத்தில் நிற்கும் நிர்வாண ராட்சத உருவம் என்று படம் அந்த உலகத்தைக் கண்டிப்பதற்கும் ரசிப்பதற்கும் நடுவே தடுமாறுகிறது. இதையும் வெளியீட்டுக்கு முன் நாங்கள் யோசிக்கவில்லை. எங்கள் கவலை முழுக்கப் பழைய படத்தைப் பற்றியதாக இருந்தது. புதுப் படம் புதிதாக என்ன தப்பு செய்யக்கூடும் என்று பார்க்க நேரமில்லை.

2022-ல், அதே உலகத்தில் 2099-ம் ஆண்டு நடக்கும் கதையாக ஒரு தொடர் வரப்போவதாக அறிவித்தார்கள். செய்தியைப் படித்த அன்றே, என்ன ஆனாலும் ட்ரெய்லர் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். 2016-லும் இதே முடிவைத்தான் எடுத்திருந்தேன்.